தரையில் விழுந்த பிறைகள்

ஒரு காட்டில், குளக்கரைப் புங்கமரத்தடியில் ஒரு கவுதாரி தன் குஞ்சுகளோடு இரை பொறுக்கிக்கொண்டிருந்தது. இலை இடுக்குகளின் வழியே இறங்கும் காலை வெயில் நிழலில் வட்ட வட்டப் பொட்டுகளாகச் சிதறிக் கிடக்கும். கடைக்குட்டி குண்டுமணி அவற்றைத் தானியம் என்று நம்பித் தினமும் கொத்தும். அலகு நோவதுதான் மிச்சம்.

அன்று குண்டுமணி கத்தியது: "அம்மா, என் தானியத்தை எல்லாம் யாரோ கடிச்சு வெச்சிருக்காங்க!"

கவுதாரி குனிந்து பார்த்தது. ஒரு வட்டம்கூட இல்லை. அத்தனை பொட்டுகளும் பிறைகளாகியிருந்தன. வானத்தில் மேகமே இல்லை, ஆனாலும் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. கவுதாரி குஞ்சுகளைப் பக்கத்தில் கூட்டிக்கொண்டது.

அப்போது அக்கரைப் பாறைமேல் நரி ஏறி நின்று ஊளையிட்டது.

"ஐயோ, எல்லாரும் ஓடி வாங்க! பெரிய பாம்பு ஒண்ணு சூரியனை விழுங்குது! நாம கண் இமைக்காம முறைச்சுப் பார்த்தாத்தான் அது பயந்து கக்கும். இல்லேன்னா இனிமே விடியவே விடியாது!"

மான்களும் முயல்களும் அலறிப் புடைத்துக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடிவந்தன. நரிக்கு உள்ளூரக் கொண்டாட்டம். போன கிரகணத்தில் சூரியனையே பார்த்துக்கொண்டு நின்ற காட்டெருமை, மறுநாள் வழி தெரியாமல் பள்ளத்தில் விழுந்ததை அது கண்டிருந்தது. இத்தனை பேருக்கும் பார்வை போனால் ஆயுசுக்கும் விருந்துதான்!

கவுதாரி நரியை உற்றுப் பார்த்தது. நரியின் நிழல் அதன் முகத்துக்கு முன்னால் நீண்டு கிடந்தது.

"நரியண்ணே! எங்களை எல்லாம் பார்க்கச் சொல்லிட்டு, நீங்க மட்டும் ஏன் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

எல்லாத் தலைகளும் நரிப் பக்கம் திரும்பின. நரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய்க்கு வந்த விருந்தை விட மனம் வருமா? கொஞ்ச நேரம் பார்த்தால் என்ன ஆகிவிடும் என்று திரும்பி, சூரியனை நிமிர்ந்து பார்த்தது. கண் எரியவில்லை, வலிக்கவும் இல்லை. துணிச்சல் வந்து பார்த்துக்கொண்டே நின்றது.

"பாருங்க! எனக்கு ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலையே!" என்றது ஒரு மான். குண்டுமணியும் வெட்டவெளிக்கு ஓடித் தலையைத் தூக்கப் போனது.

கவுதாரி பாய்ந்து போய் அதைச் சிறகுக்குள் அமுக்கியது.

"பாம்பும் இல்ல, கீம்பும் இல்ல! நான் தினமும் விடியறதுக்கு முன்னாடியே எழுந்திருக்கிறவ. நிலா தேஞ்சுக்கிட்டே சூரியனை நெருங்கி வந்ததை இந்தக் கண்ணாலதான் பார்த்தேன். இன்னிக்கு அது குறுக்கே வந்து மறைக்குது, தானா விலகிடும். மேலே மட்டும் பார்க்காதீங்க! பாதி மறைஞ்சாலும் மீதி சூரியன்தானே? பார்த்தே ஆகணும்னா இங்கே வந்து, இலை இடுக்கு வழியா தரையில விழற அதோட உருவத்தைப் பாருங்க!"

ஒருவரும் அசையவில்லை. கடைசியில் ஒரு மான்குட்டி நிழலுக்குள் வந்து குனிந்தது.

"அட, இங்கே எத்தனை சூரியன்!"

உடனே எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன. பிறைகள் மெலிந்து மெலிந்து கீற்றாகி, பிறகு மெல்லப் பருத்து, மறுபடி வட்டங்களாயின. குண்டுமணி ஒன்றைக் கொத்திப் பார்த்துக்கொண்டது.

கறுவிக்கொண்டு போன நரி சாயங்காலம் புதருக்குள் பதுங்கி வந்தது. சருகு சத்தம் கேட்டுக் கவுதாரி திரும்பியபோது, நரி எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. குஞ்சுகளை விட்டுவிட்டுப் பறக்க மனமில்லை. அது சிறகை விரித்து, கண்ணை மூடிக்கொண்டது.

நரி பாய்ந்தது. ஆனால் கவுதாரி இருந்த இடத்தில் அதற்குத் தெரிந்தது ஒரு கரும்புள்ளிதான். எங்கே பார்த்தாலும் அந்தப் புள்ளி முன்னால் வந்து நின்றது. குறி தவறிய நரி, பக்கத்துக் கள்ளிப் புதரில் போய் விழுந்தது.

"வலிக்கவே இல்லையே... பார்த்தப்போ கொஞ்சம்கூட வலிக்கவே இல்லையே!" என்று முனகிக்கொண்டே, முள்ளோடும் இருட்டோடும் அது தட்டுத் தடுமாறி நடந்தது.

நீதி: வலிக்கவில்லை என்பதற்காகத் தீங்கு இல்லை என்று நம்பிவிடாதே.