மன்னர் முதுகில் ஒட்டிய பற்று

முன்னொரு காலத்தில் மருதஞ்சீமையை வேழமுடியன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடக்க வேண்டும், அவ்வளவே. ஒருநாள் யானையிலிருந்து இறங்கும்போது அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அரண்மனை வைத்தியர் மருந்தீசர் கடுகும் மிளகாயும் கற்பூரமும் அரைத்துத் துணியில் அப்பி, முதுகில் பற்றாக ஒட்டினார். மேலே சூடாக உப்பு ஒத்தடம் வேறு. வலி பறந்தது. அரிப்பு வந்தது. அப்புறம் தடிப்பு, எரிச்சல், கொப்புளம். பற்றை மட்டும் வைத்தியர் எடுக்கவே இல்லை.

"மருந்தில் குற்றமில்லை பிரபு. அங்கி வெளுத்தவள் கையில்தான் குற்றம்!" என்றார் மருந்தீசர்.

ராஜாவின் வெறும் முதுகை வைத்தியர் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது என்பது அந்த அரண்மனை வழக்கம். பிறகென்ன, அவர் சொன்னதுதான் சாட்சி! துணி வெளுக்கும் செம்பாயியைச் சபைக்கு இழுத்துவந்தார்கள். நாடு கடத்த வேண்டியதுதான் பாக்கி.

"சாமி, வெளுக்குற உவர்மண்ணைத் தவிர ஒண்ணும் போடலைங்க" என்று அழுதாள் அவள்.

மந்திரி நச்செள்ளைக்குப் பொறுக்கவில்லை. கொப்புளத்தை ஒட்டியவர் ஆசனத்தில், துணி துவைத்தவள் கூண்டிலா?

"மன்னா, அங்கி தோளிலும் வயிற்றிலும்கூடப் படுகிறதே. அங்கெல்லாம் அரிக்கிறதா?"

"இல்லையே."

"முதுகுதான் அதிகம் வியர்க்கும், அம்மணி" என்று குறுக்கிட்டார் மருந்தீசர். "வைத்தியம் உமக்கெதற்கு? போய் ஏரி மதகைப் பாரும்."

சபை சிரித்தது. நச்செள்ளையும் சிரித்தாள். அவள் சிரித்தால் யாருக்கோ வம்பு என்று தெரிந்தவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"என் வாய்த்துடுக்கைப் பொறுத்தருள வேண்டும், வைத்தியரே. காலையிலிருந்து உட்கார்ந்தபடியே வாதாடுகிறீர்; இடுப்பு விட்டுப்போயிருக்குமே! யாரங்கே, அதே மருந்தில் இன்னொரு பற்றை அவர் முதுகில் ஒட்டுங்கள். மன்னருக்குச் செய்த அதே மரியாதை. மேலே கொதிக்கக் கொதிக்க உப்பு ஒத்தடம்!"

"பேஷ்! நானே ஒத்தடம் கொடுக்கிறேன்" என்று ராஜா குஷியாகக் கிளம்பினான்.

சேவகன் சட்டையில் கை வைத்ததுதான் தாமதம், மருந்தீசர் துள்ளினார். "ஐயையோ! பற்றுக்கு மேல் சூடு வைத்தால் தோல் வெந்து உரிந்துவிடும்!"

ஒத்தடத்துக்குக் கிளம்பியவன் சட்டென்று திரும்பினான்.

"தெரிந்துமா எனக்கு வைத்தீர்?" என்றான் ராஜா.

"தாங்கள்தான் ஒத்தடம் கேட்டீர்கள்... மறுக்கப் பயம்... கொப்புளம் வந்த பிறகு சொல்ல அதைவிடப் பயம்..."

"என்னிடம் பயம். அந்தப் பழியை இவள் தலையில் போட மட்டும் பயமில்லை!"

ராஜாவின் முகம் சிவந்தது. பாதி கோபம், பாதி வெட்கம். செம்பாயியைக் கையோடு விடுவித்து, பட்டுச் சேலை கொடுத்தான். நச்செள்ளையைத் தன் பக்கத்து ஆசனத்தில் உட்காரவைத்து, "இத்தனை பேர் சபையில், என் முதுகைப் பார்க்காமலே பார்த்தவள் நீ ஒருத்திதான். என்ன வேண்டும், கேள்" என்றான்.

"நோயாளி 'எரிகிறது' என்றால், வைத்தியர் முதலில் மருந்தை எடுத்துவிட்டுப் பிறகு வாயைத் திறக்கட்டும். அது போதும், மன்னா."

"இப்போதே ஆகட்டும்!" ராஜா அங்கியைக் கழற்றிவிட்டு, வழக்கத்தையும் பாராமல், சபைக்கே முதுகைக் காட்டிக் குப்புறப் படுத்தான். பற்றின் நான்கு ஓரத்திலும் கோடு போட்டாற்போலக் கொப்புளங்கள். குனிந்து பற்றின் ஓரத்தைப் பிடித்தார் வைத்தியர்.

"மெதுவாக, மருந்தீசரே!" என்றான் ராஜா. "உம்முடைய முதுகு என்று நினைத்துக்கொண்டு உரியும்!"