வெறும் என்டர்

"மூணு மாசமா வர்றேன் மேடம். திருடன் உள்ளே எப்படி வருவான்னு நீங்க இன்னும் சொல்லித் தரலையே?"

கேட்டவர் இருதயராஜ். ஐம்பத்திரண்டு வயது. பெரிய மருத்துவமனை ஒன்றின் நெட்வொர்க் பொறுப்பாளர்.

கணினிப் பாதுகாப்பு கற்றுத்தரும் நஸீமாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

"உங்க ஆஸ்பத்திரியைக் காட்டுங்க சார்" என்றார் நஸீமா.

மறுநாள் காலை இருதயராஜ் பெருமையோடு சுற்றிக்காட்டினார். கைரேகை வைத்தால்தான் திறக்கும் சர்வர் அறை. வெளியாட்களை நெட்வொர்க்குக்குள் விடாமல் தடுக்கும் புத்தம் புதிய ஃபயர்வால்.

நஸீமா எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு வெளியே, பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரிலிருந்த நெட்வொர்க் பாயின்டில் தன் லேப்டாப்பைச் செருகினார். கொஞ்சம் தேடியதும், நெட்வொர்க்கில் இருந்த ஏதோ ஒரு கருவிப் பெட்டியின் லாகின் பக்கம் திரையில் வந்தது.

"இது எது சார்?"

"வார்டு மானிட்டர் எல்லாம் அதுலதான் சேருது. போன வாரம் நான்தான் மாட்டினேன்."

"உள்ளே போங்க."

"பாஸ்வேர்ட் தெரியாதே. கம்பெனிக்காரங்க போட்டிருப்பாங்க."

"ஒண்ணும் போட வேண்டாம். வெறும் என்டர் தட்டுங்க."

தட்டினார்.

திறந்துகொண்டது.

திரையில் பதினொரு குழந்தைகள். பதினொரு இதயத் துடிப்புகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அலாரத்தை நிறுத்தும் பொத்தான்.

சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார் இருதயராஜ். வார்டின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பிறகு அந்தப் பெட்டிக்கு நீளமாக ஒரு பாஸ்வேர்ட் போட்டார்.

"இந்தப் பெட்டி இப்படி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

"தெரியாது. எங்கே போனாலும் முதல்ல வெறும் என்டரைத்தான் தட்டிப் பார்ப்பேன்."

"எல்லா இடத்துலயும் திறக்குமா?"

"ஒரே ஒரு ஆஸ்பத்திரியில ஒரு பெட்டிகூடத் திறக்கல."

"அங்கே யார் பொறுப்பு?" இருதயராஜின் குரலில் ஆசை இருந்தது. "அவர்கிட்ட நான் கத்துக்கணும்."

"ஸ்டோர்ல சரக்கு வாங்கி வைக்கிற சிவகாமியம்மா. புதுப் பெட்டி எது வந்தாலும், 'இதுக்குப் பூட்டு என்ன, சாவி யார்கிட்ட?'ன்னு கேப்பாங்க. பதில் வராம பெட்டியை ஸ்டோரை விட்டு வெளியே விடமாட்டாங்க. பெரிய டாக்டரே வந்து சத்தம் போட்டும் விடல."

"அவங்களுக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவு தெரியுமா?"

"சுத்தமாத் தெரியாது சார்" என்றார் நஸீமா. "அதனாலதான் கேட்டாங்க."