பட்டணத்து மயிலும் பன்னிரண்டு கிழங்கும்

சிலும்பி என்ற முள்ளம்பன்றிக்கு அந்த மலையின் கிழங்குக் கொடிகள் எல்லாமே உறவு. பன்னிரண்டு வகைக்கும் பன்னிரண்டு பெயர் வைத்திருந்தாள். ஊற்றோரம் படர்வது ஊற்றடியாள். பூக்கும் காலத்தில் தொடக்கூடாதவள் பிள்ளைத்தாச்சி. ஓடும் தண்ணீரில் மூன்று நாள் கிடந்தால்தான் தின்ன முடியும் என்பதால் ஒருத்திக்கு மூன்றுநாள் கசப்பி என்று பெயர். எதைத் தோண்டினாலும், மறுபடி முளைக்கட்டும் என்று தலைக்கிழங்கை மண்ணிலேயே விட்டுவிடுவாள் சிலும்பி.

ஒரு நாள் பட்டணத்துப் பூங்காவிலிருந்து ஒரு மயில் வந்து சேர்ந்தது. செடிக்குச் செடி பெயர்ப்பலகை பார்த்து வளர்ந்த மயில். காட்டுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று சொல்லி, செடிகொடி எல்லாவற்றையும் தின்னக்கூடியவை, தின்னக்கூடாதவை என்று இரண்டாகப் பிரித்தது. பன்னிரண்டு கொடிகளும் 'கிழங்கு' என்ற ஒரே பெயரில் தின்னக்கூடியவையோடு போய்ச் சேர்ந்தன.

சிலும்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு என்று எடுத்துச் சொன்னாள்.

"ஒரு கிழங்குக்கு எதற்குப் பன்னிரண்டு பெயர்?" என்று சிரித்தது மயில்.

"உன் வீட்டில் எல்லோரையும் ஒரே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களா?" என்றாள் சிலும்பி.

மற்ற விலங்குகளும் மயிலோடு சேர்ந்து சிரித்தன. படித்த மயிலுக்குத் தெரியாததா என்றன.

காட்டுப்பன்றிக் கூட்டம் மயிலை நம்பியது. ஒரே வாரத்தில் ஊற்றங்கரையை உழுது போட்டது. தலைக்கிழங்குகூட மிஞ்சவில்லை. கசப்பியைத் தோண்டிய கையோடு ஒரு தாய்ப்பன்றியின் ஏழு குட்டிகள் தின்றன. பொழுது சாய்வதற்குள் ஏழு குட்டிகளும் நுரை தள்ளிச் சுருண்டன. இரண்டு எழவே இல்லை.

மறுநாள் மயில் எல்லோரையும் கூட்டியது. தன் பட்டியலில் தவறே இல்லை, அந்தக் கொடிதான் கெட்டது, மலை முழுக்க அதை வேரோடு பிடுங்க வேண்டும் என்றது.

மிச்சமிருந்த ஒரே கசப்பிக் கொடிக்கு முன்னால் போய் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நின்றாள் சிலும்பி.

"இவள் எப்படிப்பட்டவள் என்று இவள் பெயரே சொல்லும். பஞ்சத்தில் எங்களைப் பிழைக்க வைத்தவள் இவள். அந்தப் பெயரை அழித்தது நீ. செத்தது அடுத்தவள் பிள்ளைகள். பழி மட்டும் இவளுக்கா?"

மயில் தோகையை ஒதுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது.

குட்டிகளைப் பறிகொடுத்த தாய்ப்பன்றி எழுந்து வந்து சிலும்பியின் பக்கத்தில் நின்றது. "அந்தப் பன்னிரண்டு பெயரையும் சொல்லு அக்கா," என்றது. "எனக்கு இன்னும் ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள்."

ஒன்றோடு காலமெல்லாம் வாழ்ந்தவர்களைக் கேட்காமல் அதற்குப் பெயரிட வருகிற படிப்பு, அடுத்தவர் பிள்ளைகளைத்தான் காவு வாங்கும்.