குகைக்குள் விழுந்த வெயில்

உண்ணாமல் இருப்பவன் எதையும் உண்பதில்லை என்று உலகம் நம்புகிறது. பெரும்பிழை. கற்றறிந்தவர்கள்கூட இதைத் திருத்தாமல் விட்டது மிகவும் வருந்தத்தக்கது. அவன் முதலில் தன் தொந்தியை உண்கிறான். அது தீர்ந்ததும் தொடையை.

எயினனுக்கு இது தெரியாது. பறவைகளுக்கு வலை விரித்துப் பிழைத்தவன் அவன். ஒருநாள் வலையில் சிக்கிய கொக்கின் கண்ணைப் பார்த்துவிட்டான். வலையை அங்கேயே போட்டுவிட்டு, தன்னைவிட வயதில் இளையவளான வெண்ணியம்மை என்ற துறவியிடம் சீடனாகச் சேர்ந்தான்.

இனித் தன்னால் ஓர் உயிரும் சாகக்கூடாது, தானும் எதற்கும் இரையாகக்கூடாது என்பது அவன் சபதம். அதற்காக மலைக்குகையின் கடைசி இருட்டில் போய்ப் பட்டினியாக உட்கார்ந்தான். புல்கூட முளைக்காத இடம். அங்கே யாரும் யாரையும் தின்ன வழியில்லை என்று நினைத்தான்.

அம்மை கைவிளக்கோடு வந்தபோது அவன் விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன.

"செத்துவிட்டாயா என்று பார்க்க வந்தேன்."

"இன்னும் இல்லை, அம்மையே. ஆனால் இங்கே ஒரு சத்தம் கேட்கிறது."

"என்ன சத்தம்?"

"யாரோ மெல்லுகிற சத்தம்."

அம்மை விளக்கைத் தாழ்த்தினாள். தரை அசைந்தது. வௌவால் எச்சம் மேடாகக் குவிந்து கிடக்க, அதன்மேல் வண்டுகள் மொய்த்தன. வண்டுகளுக்கு நடுவே பூரான்கள் நெளிந்தன.

எயினன் காலை இழுத்துக்கொண்டான். "இந்த இருட்டில் இவை எதைத் தின்று பிழைக்கின்றன?"

"வெயிலை."

"பட்டினி கிடப்பவனிடம் கேலியா?"

"நேற்றைய வெயில், எயினா. இலை அதைக் குடித்தது. இலையைத் தின்ற புழு அந்துப்பூச்சியானது. அதை வௌவால் பிடித்தது. மிச்சம் கூரையிலிருந்து விழுகிறது. வண்டு அதைப் பொறுக்குகிறது. பூரான் வண்டைப் பொறுக்குகிறது."

"எல்லாரும் தின்றது கடைசியில் பூரானுக்கா? கொழுத்த வரும்படிதான்."

"இலைக்கு ஒரு குடம். புழுவுக்கு ஒரு செம்பு. வௌவாலுக்கு ஒரு மிடறு. பூரானுக்குத் துளி எட்டினால் அதிகம்."

"மீதியெல்லாம் எங்கே போயிற்று?"

அம்மை அவன் கையைப் பிடித்து எச்ச மேட்டுக்குள் அழுத்தினாள். காய்ச்சல்காரன் வயிறுபோல் சுட்டது. பிறகு அதே கையை அவன் நெஞ்சில் வைத்தாள். அங்கும் சூடு. "மீதி இப்படித்தான் எரிந்து போயிற்று."

"இங்கே எரிவது எது?" என்றான், குரல் தாழ்ந்து.

"போன அறுவடை நெல்."

"அது தீர்ந்ததும்?"

அவள் விளக்கை அவன் பாதத்தருகே கொண்டுபோனாள். பித்தவெடிப்பு நிறைந்திருந்த குதிகால், யாரோ சுரண்டித் துடைத்ததுபோல் வழவழவென்று இருந்தது.

எயினன் குதிகாலைத் தடவினான்; விரலோடு ஒரு வண்டு ஒட்டிக்கொண்டு வந்தது, இன்னும் மென்றுகொண்டே.

"நான் எழுந்து போய்விட்டால் இவை என்ன செய்யும், அம்மையே?"

"காத்திருக்கும். அவற்றுக்கு அவசரமில்லை. நீ போய் இன்னும் கொஞ்சம் வெயில் சேர்த்துக்கொண்டு வா."

அன்று மாலை எயினன் கஞ்சிக்கு உப்பு கேட்டான்.