மந்திரி வீட்டுப் பானகம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெள்ளரிநாடு என்று ஒரு நாடு இருந்தது. மழை ஏமாற்றினாலும் வெயில் ஏமாற்றாத நாடு. அதை மகிழ்மாறன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், என்ன, காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

ஒரு சித்திரை மதியம் நகர்வலம் போய்த் திரும்புகிற வழியில், தாகம் தாங்காமல் மந்திரி திருமேனியாரின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான். கூடவே, அரண்மனைச் சம்பிரதாயங்களைக் கவனிக்கும் அதிகாரி ஆபத்சகாயர். மந்திரியின் மனைவி வடிவு இருவருக்கும் புளிப் பானகம் கொடுத்தாள். ராஜா மூன்று செம்பு குடித்தான். ஆபத்சகாயர் நான்கு.

அரண்மனைக்கு வந்ததும் ராஜா கேட்டான். "நாட்டுக்கே ராஜா நான். எனக்கு வருகிற பானகம் மட்டும் ஒருநாள் பல்லைக் கூசவைக்கிறது, ஒருநாள் பாகாட்டம் இருக்கிறது. ஏன்?"

மந்திரியின் விரலில் இருந்த முத்திரை மோதிரத்தின் மேல் ஆபத்சகாயருக்கு வெகுநாளாக ஒரு கண். "சொன்னால் தங்கள் மனசு கஷ்டப்படும், அரசே. நல்லதையெல்லாம் சிலர் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டால்..." என்று இழுத்தார்.

அது போதாதா? மந்திரி வீட்டுப் புளி வந்தது, வெல்லம் வந்தது, பானைத் தண்ணீர்கூட வந்தது. அரண்மனைச் சமையல்காரர் கரைத்துக் கொடுத்தார். ராஜா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஏதோ ஒரு சாமானை மறைக்கிறீர், அமைச்சரே. நாளை மதியத்துக்குள் அதே ருசி இங்கே வரவேண்டும். வராவிட்டால் மோதிரத்தைக் கழற்றி ஆபத்சகாயரிடம் கொடுத்துவிடும்."

மந்திரி வீட்டுக்கு வந்து நேரே அடுப்படியில் போய் நின்றார்.

"இன்னொரு தடவை பானகம் கரை வடிவு, பார்க்கிறேன்."

"அதைப் பார்க்கவா மந்திரி வேலையை விட்டுட்டு வந்தீங்க?"

"வேலைதான் என்னை விடப் பார்க்குது."

வடிவு ஊறின புளியைப் பிசைந்து, கோதும் நாரும் போக வடிகட்டினாள். தட்டின வெல்லத்தைப் போட்டுக் கரைத்தாள். சுக்கும் ஏலக்காயும் பொடித்துத் தூவி, ஒரு சிட்டிகை உப்பும் போட்டாள். பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். "ம்ஹூம்" என்று இன்னொரு துண்டு வெல்லம் போட்டாள். மறுபடி ஒரு சொட்டு.

"என்ன அளவு?"

"மரத்துக்கு மரம் புளிப்பு வேற. அளவை யார் கண்டா? நாக்கைத்தான் கேக்கணும். ஏன், உங்க அரண்மனையில கேக்கமாட்டாங்களா?"

கேட்க முடியாது. அரண்மனையில் ராஜா சாப்பிடுவதற்கு முன்னால் அவன் உணவில் யார் வாய் வைத்தாலும் மொட்டையடித்துக் கழுதைமேல் ஊர்வலம் என்று போன வருஷம்தான் சட்டம் வந்திருந்தது. கொண்டுவந்தவர் ஆபத்சகாயர். விஷம் பார்க்க ஒரு குரங்குக்கு மட்டும் விலக்கு. குடித்துவிட்டு அது உயிரோடு இருந்தால் சரி; இனிப்புப் போதுமா என்று அதனிடம் யாரும் கேட்பதில்லை.

மந்திரி இதைச் சொன்னதும் வடிவு, "அப்போ சட்டத்தை எடுக்கச் சொல்லுங்களேன்" என்றாள்.

"நான் சொன்னா, தோத்துப்போய் சாக்குச் சொல்றேன்பார் ராஜா. சட்டத்தைக் கொண்டுவந்தவரே சொல்லணும்."

மறுநாள் சபையில் மந்திரி மோதிரத்தைக் கழற்றி ஒரு தட்டில் வைத்தார். "அரசே, நான் கரைத்தால் எதையோ மறைத்தேன் என்ற பேச்சு வரும். ஆபத்சகாயரே கரைக்கட்டும். அந்த ருசியை அவர் கொண்டுவந்துவிட்டால் மோதிரம் அவருக்கே."

புது விளையாட்டு என்றால் ராஜாவுக்குக் கேட்கவா வேண்டும்? "உட்காரும், ஆபத்சகாயரே."

"இதென்ன பிரமாதம், அரசே" என்று அவர் பட்டு அங்கியின் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். எதிரே கறுத்த பழம்புளி ஓர் உருண்டை, சிவந்த புதுப்புளி ஓர் உருண்டை.

"எதைப் போடுவது?"

"உங்கள் இஷ்டம்" என்றார் மந்திரி.

இரண்டையும் போட்டுக் கரைத்தார். வெல்லம் சேர்த்தார். நிறத்தைப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். போதுமா, போதாதா? தட்டில் மோதிரம் மினுங்கியது.

"இன்னும் கொஞ்சம் வெல்லம் போடலாமோ?" என்று மந்திரி மெல்லக் கேட்டார்.

"எனக்குத் தெரியும், ஓய்."

சொல்லிக்கொண்டே உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். முகம் கோணியது. ஒரு கை வெல்லத்தை அள்ளிப் போட்டார். மறுபடி நக்கினார். திருப்தியாகத் தலையாட்டினார். அதற்கப்புறம்தான் சபையில் சத்தமே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

குரங்கு ஒரு மடக்குக் குடித்தது. பிழைத்தது. ராஜா குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "அதே ருசி. என்ன சாமான் ஐயா சேர்த்தீர்?"

ஆபத்சகாயர் நக்கின கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

"நாக்கைச் சேர்த்தார், அரசே" என்றார் மந்திரி. "என் வீட்டில் இருப்பதும் தங்கள் மடைப்பள்ளியில் இல்லாததும் அது ஒன்றுதான். வாக்குப்படி மோதிரம் அவருக்கு. சட்டப்படி மொட்டையும் அவருக்கு. முதலில் எது என்று மட்டும் தாங்கள் சொல்ல வேண்டும்."

வாசலில் ஒரு கழுதை கத்தியது. காலையிலேயே மந்திரிதான் கட்டிவைத்திருந்தார்.

ஆபத்சகாயர் கையெடுத்துக் கும்பிட்டார். "மோதிரம் வேண்டாம், அரசே, முடி போதும். அந்தச் சட்டத்தை எடுத்துவிடுங்கள். ருசி பார்க்காமல் யாரால் கரைக்க முடியும்?"

"இது நேற்றே ஏன் தெரியவில்லை?"

"நேற்று என் கையில் புளி இல்லை, அரசே."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்து பானகம் புரையேறிவிட்டது. சட்டம் அங்கேயே போயிற்று. மோதிரம் மந்திரியின் விரலுக்குத் திரும்பியது. வடிவுக்கு ஒரு வெள்ளிச் செம்பு போனது. ஆபத்சகாயருக்கும் ஓர் உத்தியோகம் கிடைத்தது: தினமும் மதியம் சமையல்காரர் கூப்பிட்டதும் மடைப்பள்ளிக்குப் போய்க் கையை நீட்டி, சொட்டு வாங்கி, புளிப்பா இனிப்பா என்று சொல்லவேண்டும்.

குரங்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அது மடைப்பள்ளி ஜன்னலுக்கு எதிரே இருந்த புளியமரத்தில் குடியேறியது. ஆபத்சகாயர் நக்கி முடித்ததும், ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுத்தான் அது காய் பறிக்கப் போகுமாம்.