தவளை கத்துகிறதா?

ஆவணி மூன்றாம் நாள், சூரியன் ஒரு பனை உயரம் ஏறியபோது, நாற்பது காட்டுப்பன்றிகள் மணலாற்றைக் கடந்து அக்கரைக்குப் போயின. வரிசையில் கடைசியாகத் தண்ணீரில் இறங்கியவன் பெயர் கோரையன்.

சண்டை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. மேட்டுக்காட்டை ஆண்ட புலிக்கும், அக்கரைத் தாழைக்குளத்தை ஆண்ட சிறுத்தைக்கும் பன்னிரண்டு நாள் நடந்த சண்டை அது. சிறுத்தை தோற்று மலையேறி ஓடியது. குளம் புலியின் வசம் வந்தது. "குளத்தில் ஒழுங்கு திரும்பும் வரை நம் வீரர்கள் அங்கே காவல் இருப்பார்கள். வரும் பௌர்ணமிக்குள் வீடு திரும்புவார்கள்" என்று புலி அறிவித்தது.

பௌர்ணமிக்குப் பத்து நாள்தான் இருந்தது. கரையில் நின்ற செவலி அதை இரண்டு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள். அவள் கோரையனின் அக்கா. தாயை வேட்டைநாய்கள் கொன்ற பிறகு தம்பியை வளர்த்தவள் அவள்தான். அவளுக்கு வேறு யாரும் இல்லை.

"அக்கா! நம்ம வள்ளிக்கிழங்குக் கொடியை யாரையும் தொட விடாதே! நான் வந்துதான் தோண்டுவேன்!" என்று நடு ஆற்றிலிருந்து கத்தினான் கோரையன்.

"முதல்ல மூக்கைத் தண்ணிக்கு மேல வைடா! பேசிக்கிட்டே முழுகிடாதே!" என்றாள் செவலி.

மேட்டுக்காட்டு விலங்குகள் எல்லாம் ஒரே மடுவில்தான் தண்ணீர் குடிக்கும். மடுவின் கரையில் ஒரு நாவல் மரம். தினமும் காலையில் அந்த மரத்தில் அமர்ந்து அரசாங்கச் செய்தி சொல்வது தேன்வாய் என்ற மைனாவின் வேலை.

"கேளுங்கள்! கேளுங்கள்! தாழைக்குளத்தில் அமைதி நிலவுகிறது! நம் வீரர்கள் நாற்பது பேரும் நலம்!"

கேட்ட விலங்குகளுக்கு மகிழ்ச்சி. உடும்பு வாலைத் தரையில் அடித்தது.

"பார்த்தீங்களா! நம்ம பன்றிங்க காலை வச்ச இடத்துல எவன் வாலாட்டுவான்?"

"அண்ணே, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தக் குளத்தால நமக்கு என்ன லாபம்?" என்று முயல் கேட்டது.

"லாபமா? கௌரவம்!"

"அதைக் கடிச்சுத் தின்ன முடியுமா அண்ணே?"

சிலர் சிரித்தார்கள். காட்டெருது சிரிக்கவும் இல்லை, தலை நிமிரவும் இல்லை. "இந்த மடுவுல தண்ணி இருக்கு. அந்தக் குளத்துல என்ன நடந்தா எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டுக் குடித்துக்கொண்டே இருந்தது.

பௌர்ணமி வந்தது. பன்றிகள் வரவில்லை. அடுத்த பௌர்ணமியும் வந்து போனது. தேன்வாய் மட்டும் தவறாமல் வந்தது. "தாழைக்குளத்தில் அமைதி நிலவுகிறது! நாற்பது பேரும் நலம்!" ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை கொட்டியது. மறுநாள் காலை மடுவுக்கு வந்த செவலி தண்ணீர் குடிக்கவில்லை. காதை அக்கரைப் பக்கம் திருப்பியபடி நின்றாள்.

ஒவ்வோர் ஆண்டும் முதல் மழைக்குத் தாழைக்குளத்துத் தவளைகள் போடும் சத்தம் ஆற்றைத் தாண்டி மேட்டுக்காடு வரை கேட்கும். குட்டிகள் தூங்காது. உடும்பு பொந்துக்குள்ளிருந்து திட்டும். இந்த ஆண்டு ஒரு சத்தமும் இல்லை.

தேன்வாய் வந்தது. "தாழைக்குளத்தில் அமைதி நிலவுகிறது!"

"தவளை கத்துகிறதா?" என்று கேட்டாள் செவலி.

மைனா இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. செய்தி சொல்ல வந்த இத்தனை நாளில் யாரும் எதுவும் கேட்டதில்லை.

"இல்லை. கத்தவில்லை. அதைத்தானே அமைதி என்கிறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். உடும்பு விழுந்து விழுந்து சிரித்தது.

செவலி சிரிக்கவில்லை. "மழை பேஞ்சும் தவளை கத்தலைன்னா அதுக்குப் பேரு அமைதி இல்லை. குளத்துல பாம்பு இறங்கியிருக்குன்னு அர்த்தம். இது சின்னக் குட்டிக்கும் தெரியும்" என்றாள்.

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

அன்று நண்பகலில் செவலி ஆற்றுக்குப் போனாள். நடு ஆற்று மணல்திட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. இரண்டு கரையிலும் இரை தேடும் பறவை அது. நெட்டைக்காலி என்று அதற்குப் பெயர்.

"நெட்டைக்காலி! அக்கரையில என்ன நடக்குதுன்னு சொல்லு! உள்ளதைச் சொல்லு!"

"உள்ளதையா? உங்க காட்டுல யாரும் அதைக் கேட்கிறதில்லையே, செவலியக்கா."

"நான் கேட்கிறேன்."

நெட்டைக்காலி ஒற்றைக் காலை மடக்கிக்கொண்டு சொன்னது.

"முதல் பத்து நாள் நல்லாத்தான் இருந்துச்சு. சேறு எங்கே ஆழம், எங்கே கால் வைக்கலாம்னு தவளைங்கதான் பன்றிங்களுக்கு வழி சொல்லிச்சு. அப்புறம் உங்க படைத்தலைவன் ஒரு உத்தரவு போட்டான். தவளைச் சத்தத்துல எதிரி வர்ற காலடி கேட்க மாட்டேங்குதாம். பொழுது சாய்ஞ்சா ஒரு தவளையும் வாய் திறக்கக் கூடாதாம்!"

"திறந்தா?"

"மழை பேஞ்சா தவளை கத்தாம இருக்குமா? ஒரு சாரலுக்கு எல்லாம் கத்திடுச்சு. பன்றிங்க குளத்துல இறங்கி மிதிச்சுது. கரையை உழுது போட்டுது. கோரைப்புல் ஒரு கட்டு மிச்சமில்லை. அன்னைலேருந்து தவளைங்க கத்துறதில்லை. வழியும் சொல்றதில்லை. இதுவரைக்கும் ஒன்பது பன்றிங்க புதைசேத்துல போயாச்சு."

செவலி ஓரடி முன்னால் வந்தாள். "என் தம்பி?"

"உயிரோட இருக்கான்."

செவலி மூச்சு விட்டாள். நெட்டைக்காலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெல்லச் சொன்னது.

"உள்ளதைச் சொல்லுன்னு கேட்டே. மிதிச்சவங்கள்ல அவனும் ஒருத்தன்."

செவலி திரும்பி நடந்தாள். வழியில் முயல் எதிர்ப்பட்டது. அதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

முயல் காதைத் தொங்கவிட்டுக் கேட்டது. "செவலியக்கா, தம்பி உயிரோட இருக்கான். அது போதும்னு வாயை மூடிக்கோ. வெளியே சொன்னா கேவலம் யாருக்கு? உன் வீட்டுக்குத்தான்!"

"தவளை வாயை அவங்க மூடினாங்க. என் வாயை நானே மூடணுமா? மூடினா அவன் அங்கேயே கிடப்பான். இன்னைக்கு மிதிக்கிறான். நாளைக்குப் புதைவான்."

மறுநாள் காலை செவலி மடுவுக்குத் தனியாக வரவில்லை. அவள் முதுகில் நெட்டைக்காலி உட்கார்ந்திருந்தது. மைனா செய்தி சொல்லி முடித்ததும், நெட்டைக்காலி தான் கண்டதை எல்லார் முன்னிலும் சொன்னது.

மடுக்கரை கொதித்தது.

"பொய்!" என்று உடும்பு சீறியது. "ஆள்காட்டின்னு பேரிலேயே இருக்கே! காட்டிக்கொடுக்கிற புத்தி எங்கே போகும்?"

"ஒன்பது பேர் செத்தாங்களாமே! பழி வாங்கணும்! இன்னும் நாற்பது பேரை அனுப்பணும்!" என்று காட்டுச்சேவல் கூவியது.

"எதுக்கு? இன்னொரு ஒன்பது பேர் புதையவா?" என்றாள் செவலி.

"நம்ம பன்றிங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க!" உடும்பு விடவில்லை. பிடித்தால் விடுகிற இனமா அது! "ஒருத்தன் பேரைச் சொல்லு பார்ப்போம்! ஒரே ஒருத்தன் பேரை!"

நெட்டைக்காலி வாய் திறக்கும் முன் செவலி முன்னால் வந்தாள்.

"கோரையன். என் தம்பி."

மடுவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த காட்டெருது முதல் முறையாகத் தலை நிமிர்ந்தது.

செவலி குரல் உயர்த்தாமல் சொன்னாள். "அவனை மன்னிச்சுடுங்கன்னு நான் கேட்கலை. அவனைக் கூப்பிடுங்கன்னு கேட்கிறேன். அதுவரைக்கும் தினமும் இங்கே வருவேன். ஒரே கேள்விதான் கேட்பேன்."

சொன்னபடி செய்தாள். ஒவ்வொரு காலையும் தேன்வாய், "தாழைக்குளத்தில் அமைதி நிலவுகிறது!" என்று சொல்லும். செவலி, "தவளை கத்துகிறதா?" என்று கேட்பாள்.

முதல் நாள் அவள் குரல் ஒன்றுதான். இரண்டாம் நாள் காட்டெருது சேர்ந்துகொண்டது. அதற்குக் கனத்த குரல். நாவல் மரம் அதிர்ந்தது. மூன்றாம் நாள் முயல், "நானும் கேட்டுத்தான் வைக்கிறேனே" என்று சேர்ந்தது. ஐந்தாம் நாள், பிள்ளைகளை அக்கரைக்கு அனுப்பிய பன்றிகள் எல்லாம் சேர்ந்தன. அந்த ஒன்பதில் தன் பிள்ளையும் இருக்குமோ என்ற பயம் ஒவ்வொன்றுக்கும் இருந்தது.

மைனாவின் செய்தி மாறத் தொடங்கியது.

"தாழைக்குளத்தில் பொதுவாக அமைதி நிலவுகிறது!"

"தவளை கத்துகிறதா?"

"தாழைக்குளத்தில் பெரும்பாலும் அமைதி நிலவுகிறது!"

"தவளை கத்துகிறதா?"

"ஒரு சில இடங்களைத் தவிர..."

"தவளை கத்துகிறதா?"

அரண்மனை நரி வந்து செவலியை மிரட்டியது. "அரசனையே கேள்வி கேட்கிறாயா?"

"அரசனைக் கேட்கலையே. தவளையைப் பத்தித்தானே கேட்கிறேன்!"

தவளையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. நரி திரும்பிப் போய்விட்டது.

எட்டாம் நாள் புலியே தண்ணீர் குடிக்க மடுவுக்கு வந்தது. மைனா வழக்கம்போலத் தொடங்கியது. மடுக்கரை முழுவதும் ஒரே குரலில் கேட்டது: "தவளை கத்துகிறதா?"

உடும்பும் கேட்டது. கடைசி வரிசையில் நின்று, யாரையும் பார்க்காமல் கேட்டது.

புலி எரிச்சலோடு மரத்தை நிமிர்ந்து பார்த்தது. "கேட்கிறார்கள் அல்லவா? சொல்லேன்! கத்துகிறதா, இல்லையா?"

தேன்வாயின் இறகு சுருங்கியது. "தெரியாது, அரசே."

"தெரியாதா? தினமும் செய்தி சொல்கிறாயே!"

"நான் ஆற்றைக் கடந்ததே இல்லை, அரசே. முதல் நாள் நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். பிறகு நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னேன். அன்று 'கத்தவில்லை' என்றதும் இந்த மரத்தில் சத்தம் கேட்காததை வைத்துத்தான்."

யாரும் சிரிக்கவில்லை.

புலிக்குத் தவளைகள் மேல் இரக்கம் வந்துவிடவில்லை. ஆனால் ஒரு காடு முழுவதும் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. பன்றிகளைத் திரும்ப அழைக்க அன்றைக்கே ஆள் அனுப்பியது.

ஐப்பசி பதினோராம் நாள் பன்றிகள் மணலாற்றைக் கடந்து திரும்பின. போனது நாற்பது. வந்தது இருபத்தொன்பது. புதைந்த ஒன்பது அதற்குள் பதினொன்றாகியிருந்தது. கரையில் காத்திருந்த சில தாய்ப்பன்றிகள், கடைசிப் பன்றி கரையேறிய பிறகும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன.

கோரையன் இளைத்திருந்தான். அக்காவின் கண்ணைப் பார்க்காமல் கேட்டான்.

"கொடியை யாரும் தொடலையே, அக்கா?"

"தொடலை. கிழங்கு தொடை கனத்துக்கு இறங்கியிருக்கு."

அவன் கொடி இருந்த பக்கம் நடந்தான். செவலி குறுக்கே நின்றாள்.

"அது அங்கேயே இருக்கட்டும். நீ முதல்ல போய் உழுது போட்ட கரையைக் கட்டிட்டு வா."

கோரையன் தலையைக் குனிந்துகொண்டான். "உத்தரவு போட்டாங்க, அக்கா."

"மிதிச்ச கால் உன் கால்தானே?"

"தவளைங்க என்னைச் சேர்த்துக்குமா?" என்று கேட்டான்.

"அது எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்ப்போம்."

நெட்டைக்காலி தூது போனது. மறுநாள் பதில் கொண்டுவந்தது. "ஆறு பேர் வரலாம். பகலில் மட்டும் வரலாம். குளத்துக்குள் கால் வைக்கக் கூடாது. எங்கே மண் போட வேண்டும் என்பதை நாங்கள் சொல்வோம்."

திரும்பி வந்தவர்களில் ஆறு பேர் போனார்கள். கோரையன் முதலில் ஆற்றில் இறங்கினான். ஏழாவதாக அக்காவும் இறங்கினாள். அவளை வேண்டாம் என்று தவளைகள் சொல்லவில்லை.

கார்த்திகை இருபத்தொன்றாம் நாள், மாலை மழையில், தாழைக்குளத்தில் ஒரு தவளை கத்தியது.

அடக்கி வைத்த மௌனம் அமைதி ஆகாது. தம்மவர் செய்த தவறையும் தயங்காமல் கேட்பவர்கள் இருக்கும் இடத்தில்தான் உண்மையான அமைதி திரும்பும்.