வடக்கே போன கூட்டம்

அந்தக் காலத்தில் நட்சத்திரங்கள் பூமியை ஒட்டியே குடியிருந்தன. பறவைகளோடு பேச்சு வார்த்தையும் உண்டு. வடக்குக் குன்றின் உச்சியில் சிறு நட்சத்திரங்களின் பெருங்கூட்டம் ஒன்று வாழ்ந்தது. குன்றின் அடியில், கூழாங்கற்களுக்கு நடுவே, ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தாள்.

ஒருநாள் இரை தேடித் திரும்பியபோது மூன்றுதான் இருந்தன.

சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. மேலே அந்தக் கூட்டம் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. 'தங்களுக்குள் என்ன சாடை இது?' என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் இன்னொன்றும் போய்விட, விறுவிறுவென்று குன்றேறினாள்.

"என் முட்டைகளை எடுத்தது யார்?"

கூட்டத்தில் மூத்தவள் பூவாத்தாள் பதறினாள். "நாங்கள் ஏன் தாயி எடுக்கப்போகிறோம்? எங்களுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை."

"நெருப்புக்கா பசி கிடையாது? காடு காடாகத் தின்றதைப் பார்த்தவள் நான்."

"கோபப்படாமல் கேள். நேற்று நீள வால் ஒன்று உன் கூட்டுப் பக்கம்..."

"என் கண்ணில் படாத வால் உன் கண்ணில் மட்டும் எப்படிப் பட்டது?"

சொல்லிவிட்டு, ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் போய் நின்று இமைக்காமல் உற்றுப் பார்த்தாள். குட்டிகளையும் விடவில்லை. ஒரு குட்டி மிரண்டு பூவாத்தாளின் பின்னால் பதுங்கியது.

"மடியில் ஒன்றும் இல்லையென்றால் ஏன் ஒளிகிறது?"

பூவாத்தாள் குட்டிகளை வாரியெடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூட்டம் முழுவதும் அவள் பின்னால் போயிற்று. எவ்வளவு தூரம் போனாலும் அந்தப் பார்வை முதுகில் தைத்துக்கொண்டே இருக்க, நிற்காமல் வடக்கே போனார்கள்.

அன்று அந்தி சாய்ந்ததும் குன்றடி முதல்முறையாக இருண்டது. முட்டைகள்மேல் நிம்மதியாக அமர்ந்திருந்தாள் ஆள்காட்டி. கற்களுக்கிடையே சரசரவென்று சத்தம். வெளிச்சத்துக்குப் பயந்து, அவள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்துகொண்டிருந்த உடும்பு, இப்போது துணிந்து அவளையே தள்ளிவிட்டது. மிச்சமிருந்த இரண்டையும் விழுங்கிவிட்டுத் திரும்பியது. அதன் நீள வால் அவள் காலில் உரசிக்கொண்டு போனது.

"பூவாத்தா! தப்பு என்னுடையது! திரும்பி வாருங்கள்!"

சிறகு சோரும்வரை வடக்கே பறந்து கத்தினாள். அவர்கள் குரல் எட்டாத தொலைவுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அன்று முதல்தான் வடவானத்தில் அந்தக் கூட்டம் ஒரு சிட்டிகை வெண்புகைபோல மங்கிக் கிடக்கிறது. நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பவர் கண்ணுக்கு மறைந்துவிடும். பார்வையைச் சற்றே தள்ளி வைப்பவருக்கு மட்டும் மெல்லத் தலைகாட்டும்.